ரோட்டுக்காட்டைத் தரிசு போட்ட ராமாமணி

ராமாமணி நாற்பது வயதுக்கு மேல் படிக்கப் போனதை ஊர் ஒருவழியாக மன்னித்துவிட்டது. படித்ததைக் காட்டில் செய்து பார்த்தாளே, அதைத்தான் மன்னிக்கவில்லை.

அந்தியூரிலிருந்து பவானி போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலம் வரும். அதைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருப்பது அவள் காடு. காடு என்றதும் யானை, புலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் வெள்ளாமை நிலத்துக்கே அதுதான் பேர். ரோட்டை ஒட்டி ஒரு துண்டு, ரோட்டுக்காடு. அதற்குக் கீழே கிணற்றை ஒட்டி ஒரு துண்டு, கிணத்துக்காடு. பட்டா புருஷன் வேங்கடசாமி பேரில் இருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது விழும்வரை அதில் முதுகை வளைப்பது ராமாமணி. ஆனால் என்ன போடுவது, எப்போது போடுவது என்று சொல்கிற வாய் புருஷனின் அண்ணன் தம்பிதுரையுடையது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பொதுவில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைத்தண்ணி என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாயைப் பிரிக்க மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

வேங்கடசாமி கோயமுத்தூரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். வாரக் கடைசியில் வருவார். நல்ல மனுஷர். அண்ணன் பேசினால் அண்ணன் பக்கம் தலையாட்டுவார், பெண்டாட்டி பேசினால் பெண்டாட்டி பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் பல் துலக்கப் போய்விடுவார்.

படிப்பைக் கொண்டுவந்து சேர்த்தவள் மகள் லோகப்பிரியா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாயிகளுக்கென்று பண்ணை வணிக மேலாண்மையில் பட்ட வகுப்பு நடத்துகிறார்கள், பன்னிரண்டாவது தேறியிருந்தால் போதும், வயது எவ்வளவு ஆனாலும் சேரலாம், சனி ஞாயிறு போனால் சரி என்று போனில் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"அம்மா, உனக்கு சீட் கெடைச்சிருக்குது."

"எந்த பஸ்ஸுலடி?"

"பஸ்ஸுல இல்லம்மா, காலேஜ்ல."

ராமாமணி எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "பீஸு கட்டிப்போட்டயா?" என்று மட்டும் கேட்டாள். கட்டிவிட்டேன் என்றதும், "அப்பப் போகாம என்ன பண்றது" என்றாள். பெரிய ஆசையைச் சின்ன வார்த்தைக்குள் ஒளித்து வைப்பது அவள் பழக்கம்.

தம்பிதுரை காதுக்குச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே வந்து வாசலில் நின்றார்.

"ஏன் அம்மணி, பாலு கறக்கறதுக்கும் களை வெட்டறதுக்கும் எதுக்குப் பட்டம்?"

"பக்கத்து டீக்கடைக்குப் போறதுக்கு நீங்க எதுக்குங்க மாமா அத்தனை பெரிய காரு வெச்சிருக்கறீங்க?"

தம்பிதுரை சிரித்துவிட்டார். அப்போது அது அவருக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை இருட்டோடு எழுந்து பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, கோபி, புளியம்பட்டி, அன்னூர் என்று பஸ் மாறிப் போவாள். ராத்திரி மகளோடு ஹாஸ்டலில் தங்கிவிட்டு, ஞாயிறு வகுப்பு முடிந்து திரும்புவாள். அதுவரைக்கும் எருமை, ஊருக்கு வந்திருக்கிற வேங்கடசாமி பொறுப்பு. வகுப்பில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். கோட்டைமேட்டுக் கொப்பரை வியாபாரி ரசாக்கும் இருந்தார். புளியம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றை வாங்கிவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் படிக்க வந்தவர். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். பாடம் எடுக்கிற உதய் சாருக்கு லோகப்பிரியாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும்.

முதல் பரீட்சையில் கணக்கியல் பேப்பரில் ராமாமணி பெயில். பால் சொசைட்டியில் கேன்களை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுது போயிற்று.

"ஏனுங்கக்கா, பேத்தி எடுக்கற வயசுல அரியராமா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா புள்ளை. எளுதப் போனாத்தான் பெயிலாக முடியும். நீ ஒருக்கா எளுதித்தான் பாரேன்."

ரசாக்கும் அதே பேப்பரில் பெயில். "அக்கா, நான் மீசை மொளைச்ச நாள்ல இருந்து கணக்குப் பாக்கறவன். எனக்கே பெயிலுன்னா, கோளாறு பேப்பர்லதான் இருக்கோணும்" என்றார்.

"அதையே அடுத்த வாட்டி பரிச்சையில எளுதிப்போடுங்கண்ணா. மார்க் போட்டாலும் போடுவாங்க."

இரண்டு பேரும் மறுபடி எழுதித் தேறினார்கள். அது பெரிய விஷயமில்லை. உதய் சார் ஒருநாள் கேட்ட கேள்விதான் விஷயம். ஒவ்வொருவரையும் எழுப்பி, "உங்க பண்ணையில எது குறைச்சல்?" என்று கேட்டார். ஒருவர் விலை என்றார். ஒருவர் ஆள் கிடைப்பதில்லை என்றார். ரசாக், "புத்திதானுங்க சார்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். ராமாமணி, தண்ணீர் என்றாள்.

"செரிங்கம்மா. உங்க கெணத்துத் தண்ணி எத்தனை நிலத்துக்குப் பத்தும்?"

ராமாமணிக்குப் பதில் தெரியவில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றோடு கிடக்கிறாள். நிலம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள், இருக்கிற நிலம் முழுவதும் மஞ்சள் போடுவார்கள். கிணற்றைப் பார்த்து ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கார்த்திகை வரைக்கும் தண்ணீர் தாராளமாக இருக்கும். கிழங்கு பருக்கிற நேரம் பார்த்துக் கிணறு உள்ளே போய்விடும். முறைத்தண்ணியை இரண்டு காட்டுக்கும் பங்கு வைத்தால் இரண்டுமே அரை வயிற்றில் கிடக்கும். கிழங்கு விரல் தடிமன்கூட வராது. போதாக்குறைக்கு ரோட்டுக்காட்டில் வருஷா வருஷம் மஞ்சளையே போட்டுப் போட்டுக் கிழங்கழுகல் வேறு நிலைத்துவிட்டது.

இது தம்பிதுரைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் தன் பாகத்தில் தனியாக போர்வெல் போட்டுக்கொண்டதே அதனால்தான். ஆனாலும் தம்பியின் ரோட்டுக்காட்டில் மஞ்சள் நின்றாக வேண்டும் என்பார். காரணம் ரோடு. பஸ்ஸில் போகிற சொந்தக்காரன், பங்காளி, பொண்ணு பார்க்க வருகிறவன், பொண்ணு கொடுக்க வருகிறவன் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அந்தக் காட்டைத்தான். ரோட்டோரம் பச்சை இருந்தால் அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கிழங்கு அழுகினால் அதை எவன் மண்ணைத் தோண்டிப் பார்க்கப் போகிறான்?

கடைசி வருஷம் ஆளுக்கொரு பண்ணைத் திட்டம் எழுதி, அதைச் சொந்த நிலத்தில் நடத்திக் காட்ட வேண்டும் என்றார்கள். ராமாமணி எழுதினாள்: கிணத்துக்காட்டில் மட்டும் மஞ்சள், முறைத்தண்ணி மொத்தமும் அதற்கு, ரோட்டுக்காடு ஒரு வருஷம் தரிசு, எருவுக்குச் செம்மறிப் பட்டி.

உதய் சார் படித்துவிட்டு, "கணக்கு செரியா இருக்குதுங்கம்மா. ஆனா ஊட்டுல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்காட்டி என்ன செய்யோணும்னு பாடத்துல இருக்குதுங்களா சார்?"

"இல்லீங்களே."

"அப்ப அது என்னோட பாடுங்க. உடுங்க."

வைகாசி முடிகிற சமயம் ஒரு காலையில் தம்பிதுரை விதை மஞ்சள் மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்காட்டில் வந்து இறங்கினார். அவரிடம் எல்லாம் முறைப்படி நடக்கும். முதலில் ரோட்டுக்காடு, மிச்சம் மீதி கிணத்துக்காடு. நடவு ஆட்கள் பாப்பாயி தலைமையில் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இந்த வருசம் இந்தக் காட்டுக்கு நடவில்லீங்க. தரிசு."

தம்பிதுரை காதில் விழாதவர் மாதிரி மூட்டைக் கயிற்றை அவிழ்த்தார்.

"மாமா, உங்களைத்தானுங்க."

"வெளையாடாத ராமாமணி. ஆளுக நிக்கறாங்க."

"வெளையாட்டில்லீங்க. தண்ணி ஒரு காட்டுக்குத்தான் பத்தும். ரெண்டுக்கும் போட்டு ரெண்டையும் காய உடறதுக்கு நான் வரலீங்க."

"ஊரு என்ன பேசும்னு தெரியுமா உனக்கு? தம்பிதுரை தம்பிக்கு வெள்ளாமை வெக்க வக்கில்லைம்பான். லோகப்பிரியாவுக்கு மாப்பிளை பாக்கற வருசம் இது. வாரவன் கண்ணு மொதல்ல எங்க விழும்? இங்கதான் விழும்!"

"வாரவன் புள்ளையைப் பாக்க வாரானுங்களா, மஞ்சளைப் பாக்க வாரானுங்களா?"

"ரெண்டையுந்தான் பாப்பான்! நீ ஆகாசத்துல இருந்தா பொறந்து வந்தே?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவும் இதே ரோட்டில் பஸ்ஸில் வந்து, இதே காட்டைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று தலையாட்டினார். ராமாமணி ரோட்டைப் பார்த்தாள். தம்பிதுரை அதற்குள் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வேங்கடசாமியின் குரல் கேட்டது: "அண்ணா, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கறனுங்க. அப்பறம் கூப்படறேன்." காலேஜுக்கு விடுமுறை, பஸ் பட்டறையில் நிற்கிறது என்பது ராமாமணிக்குத் தெரியும்.

அவள் ஒரு கூடை விதை மஞ்சளை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள். "பாப்பாயக்கா, நடவு கெணத்துக்காட்டுல. வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கினாள். நடவுப் பெண்கள் தம்பிதுரையைப் பார்த்தார்கள், பாப்பாயியைப் பார்த்தார்கள். பாப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"பொழுதோட கூலி குடுக்கறவ அவதான். அவ பின்னாலதான் போகோணும். எந்திரிங்கடி."

அதற்கப்புறம் ஊருக்கு ரோட்டுக்காடுதான் பேச்சு. பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது, "ஏனுங்கக்கா, காட்டை விக்கறீங்களா?" என்று கேட்டார். நிலத் தரகர் ஒருவர் வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாக வந்து, சைட் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்றார். "உங்க சட்டையைக் கொஞ்ச நேரம் ஓரமாக் கழட்டி வெச்சீங்கன்னா, சும்மாத்தான கெடக்குதுன்னு அதையும் வித்துப்போடுவீங்களா?" என்று ராமாமணி கேட்டாள். மனுஷர் வந்த வழியே போய்விட்டார்.

வேங்கடசாமி அந்த வாரம் வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியலயே ராமாமணி."

"முழிக்கற வேலையை நான் பாத்துக்கறனுங்க. நீங்க குறுக்க உழுகாம இருங்க, அது போதும்."

"படிப்புக்குத்தானே செய்யற? ஒரு வருசம் போனாச் செரியாப் போயிருமில்ல?"

ராமாமணி குழம்புக் கரண்டியோடு நின்றாள். "படிப்பு மாசியோட முடிஞ்சுருமுங்க. காடு முடியாது. இனிமே அதுல என்ன போடறதுன்னு நாந்தான் சொல்லுவேன். இதை இப்பவே சொல்லிப்போட்டேன், அப்பறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

வேங்கடசாமி மறுசோறு கேட்கவில்லை.

ஆவணியில் கோபிப் பக்கமிருந்து லோகப்பிரியாவைப் பார்க்க வருவதாகத் தம்பிதுரைதான் பேசி முடித்தார். கோபம் இருந்தாலும் தன் மகள் காரியம், தம்பி மகள் காரியம் என்று பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். மாப்பிள்ளை நிதீஷ் திருப்பூரில் வேலை பார்க்கிறவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் கூட வந்தார்கள். நல்ல நேரம் தப்பிப்போய், அரக்கப்பரக்க வந்து இறங்கினார்கள். ரோட்டுக்காட்டுப் பட்டியிலிருந்து செம்மறிகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது அவர்களுடைய கார் நடுவில் மாட்டிக்கொண்டதாம்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, பாலத்துக்கு இந்தப் பக்கமா ஆட்டுப்பட்டி போட்டு ஒரு காடு சும்மாக் கெடக்குதே, அது ஆருதுங்க?" என்று கேட்டார்.

தம்பிதுரை கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் எடுத்துக்கொண்டார். "அதுங்களா? அது பக்கத்துக்காரங்களுதுங்க. பாவம், வெள்ளாமை வெக்க முடியாமப் போட்டுட்டாங்க."

வேங்கடசாமி தரையைப் பார்த்தார். ராமாமணி காப்பித் தட்டோடு சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. கல்யாணம் கூடும். கல்யாணத்துக்கு இந்த ரோட்டில்தான் வருவார்கள், போவார்கள். இன்றைக்கு இல்லை என்று சொன்ன காட்டை அப்புறம் ஆமாம் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் பச்சையாக்கித்தான் சொல்ல வேண்டும். அடுத்த வைகாசியில் தம்பிதுரை விதை மஞ்சளோடு வந்து நிற்பார். மகள் வாழ்க்கை என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்குமேல் அவளால் வாயைத் திறக்க முடியாது. பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. உள்ளே அறையில் லோகப்பிரியா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

ராமாமணி எட்டிப் பார்த்தாள். எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது மகளுக்கு. அவள் தாயை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, "போம்மா, காப்பி ஆறுது" என்றாள்.

ராமாமணி வந்து தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"அந்தக் காடு எங்களுதுதானுங்க."

தம்பிதுரை, "ராமாமணி, நீ உள்ள போ" என்றார்.

"பக்கத்துக்காரங்க மேல பழியைப் போட வேண்டாமுங்க மாமா. அவீக நல்லாத்தான் வெள்ளாமை வெச்சிருக்கறாங்க." மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினாள். "எங்க கெணத்துத் தண்ணி ஒரு காட்டுக்குத்தான் பத்துமுங்க. கீழ்க்காட்டுல மஞ்சள் நிக்குது, வந்தாக் காட்டறேன். ரோட்டுக்காடு வேணும்னுதான் தரிசு. போட்டது நானுங்க."

மாப்பிள்ளையின் அம்மா, "ஆளு கெடைக்காமப் போயிருச்சுங்களா?" என்று பரிவாகக் கேட்டாள்.

"ஆளு வந்து வரப்புல உக்காந்திருந்தாங்க. நாந்தான் வேண்டாம்னுபோட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா காப்பியைத் தொடவில்லை. ராமாமணியிடம் பேசுவதை விட்டுவிட்டு வேங்கடசாமியைப் பார்த்தார். "ஏனுங்க மச்சான், உங்க ஊட்டுல காட்டு வெவகாரமெல்லாம் பொம்பளைகதான் முடிவு பண்றதுங்களா?"

வேங்கடசாமி அண்ணனைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பல் துலக்கப் போக வழியில்லை.

"நான் பஸ் ஓட்டறவனுங்க" என்றார் மெல்ல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "காட்டுல வேலை செய்யறது அவதானுங்க. முடிவும் அவளுதுதானுங்க."

ராமாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

பொண்ணை அழைத்தார்கள். லோகப்பிரியா வந்து கும்பிட்டாள். நிதீஷ் அவள் கம்பெனி எந்தப் பக்கம் என்று கேட்டான், அவள் சொன்னாள். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "ஜாதகத்தை எதுக்கும் இன்னொருக்காப் பாத்துப்போட்டுச் சொல்றமுங்க." பொருத்தம் பார்த்து எட்டுப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் அவர்கள் கிளம்பியே வந்தார்கள். இன்னொரு முறை பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அந்த வீட்டில் ஒருவருமில்லை.

கார் போனதும் தம்பிதுரை ஆடித் தீர்த்துவிட்டார்.

"அப்படி ஒரு எடம் இனி எப்பக் கெடைக்கும்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலயா உன்னால? நாலெழுத்துப் படிச்ச கொழுப்பு!"

"நம்ம காட்டை நம்மளுதில்லைன்னு சொன்னீங்களே, அது என்ன கொழுப்புங்க மாமா?"

"எதுக்குச் சொன்னேன்? புள்ளைக்காகச் சொன்னேன்!"

"தெரியுமுங்க. நீங்க புள்ளைக்குக் கெடுதல் நெனைக்கறவரில்லை. ஆனா ஒரு காட்டை ஒளிச்சு வெச்சு அவளைக் கட்டிக் குடுத்தா, அப்பறம் காலம்பூரா எதையாச்சும் ஒளிச்சுக்கிட்டேதான் இருக்கோணும். என்னால ஆகாதுங்க."

தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். தம்பியைப் பார்த்து, "கேட்டயாடா?" என்றார். வேங்கடசாமி தலையாட்டவில்லை. இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் தம்பிதுரையின் குரல் உடைந்தது.

"செரி. இன்னியோட முடிஞ்சுது. இனிமே உங்க காட்டுப் பக்கம் நான் காலெடுத்து வெக்க மாட்டேன். மஞ்சள் போடு, மண்ணைப் போடு, என்னமோ பண்ணிக்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கேட்டா என்னைச் செருப்பால அடி!"

"அதெல்லாம் எதுக்குங்க மாமா. கேக்க மாட்டேன்னு சொன்னீங்களே, அது போதுமுங்க. வைகாசியில இருந்து நான் அதைத்தான கேட்டுக்கிட்டிருக்கறேன்."

தம்பிதுரை வாயைத் திறந்தார். தான் எதைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். காரில் ஏறி, ரிவர்ஸ் எடுக்கும்போது கோலத்தையெல்லாம் அழித்துக்கொண்டு போனார்.

கிணத்துக்காட்டு மஞ்சள் தேறுமா, ரோட்டுக்காட்டு மண் திருந்துமா என்பதெல்லாம் தைக்கு மேல்தான் தெரியும். அது மழையின் கையிலும் இருக்கிறது. ராமாமணி அதைப் பற்றி யாரிடமும் சவால் விடவில்லை. சவால் விட வேண்டிய இடத்தில் விட்டாயிற்று.

லோகப்பிரியா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, மிஞ்சிய பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராமாமணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, உனக்கு வெசனமா இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குதும்மா. ஆளு பாக்க நல்லாத்தான் இருந்தாரு." ஒரு பஜ்ஜியைத் தின்று முடித்தாள். "ஆனா செம்மறி ஆட்டுக்குப் பயந்துக்கிட்டு கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்திருந்தாராமா. அவங்க கார் டிரைவர் வாசல்ல சொல்லிச் சிரிச்சது காதுல விழுந்துச்சு."

ராமாமணிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இனி வாரவங்களுக்கு என்னம்மா சொல்லுவ?"

"இனி வாரவீகளை ஊட்டுக்கே கூட்டிட்டு வர வேண்டியதில்லை. பாலத்துலயே எறக்கிக் காட்டைச் சுத்திக் காட்டிப்போடலாம். அதுக்கப்பறமும் நிக்கறவீகளுக்குத்தான் காப்பி."

"அப்ப பஜ்ஜி?" என்றார் வேங்கடசாமி, கதவோரம் நின்றபடி.

"நீங்க வந்து உக்காருங்க" என்று ராமாமணி தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.